பெட்டி தூக்குவது யார், நிரல் எழுதுவது யார்?

நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் கல்லூரியில், ரோபோட்டிக்ஸ் குழுவுக்கு நிரல் எழுதும் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு போன ஆண்டு என்னிடம் வந்தது. விண்ணப்பத்தின் முதல் கேள்வி, 'இதற்கு முன் செய்த புராஜெக்ட்கள் என்னென்ன?' இரண்டாவது, 'சொந்த லேப்டாப் உண்டா?' பிறகு ஒரு மணி நேரத் தேர்வு, ஆங்கிலத்தில் நேர்காணல்.

தேறியவர்களில் பெரும்பாலோர் பள்ளி நாட்களிலேயே பணம் கட்டி ரோபோ வகுப்புக்குப் போனவர்கள். பட்டியலின, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களில் பலர் வயரிங்குக்கும் பெட்டி தூக்கவும் போனார்கள். யாரும் யாரிடமும் சாதி கேட்கவில்லை. கேட்காமலேயே வேலை பிரிந்துவிட்டது. அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டவன் நான்தான். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்பதை 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் விளக்கிவிட்டார். படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வகுப்பறைக்குள் வந்துவிட்டார்கள். ஆய்வகக் குழுக்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. வேலைக்கான நேர்காணலிலோ அங்கே செய்த புராஜெக்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

இந்த ஆண்டு வரிசையை மாற்றினோம். முதலில் பயிற்சி, பிறகுதான் தேர்வு. விரும்பிய எல்லோருக்கும் ஆறு வாரம், தமிழில். ஆர்டுயினோ பலகையில் ஒரு விளக்கை மினுக்க வைப்பதில் தொடங்கி, கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டி விலகினால் எவ்வளவு திருப்புவது எனக் கணக்கிடுவது வரை. இருவருக்கு ஒரு கணினி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை விசைப்பலகை கைமாற வேண்டும். மாணவியர் விடுதியை மாலை ஆறரைக்குப் பூட்டிவிடுவதால் வகுப்பை மதியத்துக்குக் கொண்டுவந்தோம்.

'தரம் குறையாதா?' என்று கேட்டார்கள். தேர்வில் பிழையுள்ள நிரலை ஏற்றிய வண்டியைக் கொடுத்தோம். இடது, வலது சென்சார்களின் பின் எண்கள் நிரலில் இடம் மாறியிருந்ததை முதலில் கண்டுபிடித்தவர், போன ஆண்டு நாங்கள் வயரிங்குக்கு அனுப்பிய மாணவி. எந்த வயர் எங்கே போகிறது என்று அவருக்குத்தானே தெரியும்! இன்று அவர் குழுவில் நிரல் எழுதுகிறார்.

போன ஆண்டும் அவருக்கு இதே மூளைதான். நாங்கள் தகுதி என்று அளந்தது, ஏற்கெனவே கிடைத்த வாய்ப்பை.

தோழர்களே, உங்கள் கல்லூரிக் குழுவில் விசைப்பலகை முன்னால் யார், பெட்டிக்கு அடியில் யார் என்று பாருங்கள். தேர்வுக்கு முன் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.