‘கேஸ் வேண்டாம் சார், காசு கொடுத்துடறேன்’... காரை இடித்தவர் சொன்னபடி பணம் தராவிட்டால் என்ன செய்வது?

சிக்னலில் நிற்கும் காரை பின்னால் வந்த வண்டி இடிக்கிறது. “போலீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டாம், செலவை மாசாமாசம் கொடுத்துடறேன்” என்கிறார் இடித்தவர். கார்க்காரரும் சம்மதிக்கிறார். முதல் தவணை வருகிறது. அப்புறம் போனையே எடுப்பதில்லை. இனி என்ன வழி?

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். நிரூபிப்பதுதான் கஷ்டம். வாட்ஸ்அப் சாட், முதல் தவணை வந்த யுபிஐ பதிவு, ஒர்க்‌ஷாப் பில், போட்டோ எல்லாமே ஆதாரம். மின்னணு ஆதாரத்துக்கு கோர்ட்டில் சான்றிதழும் தர வேண்டும். எனவே சாட்டை அழிக்காதீர்கள்.

போலீஸ் வாங்கித் தருமா?

விபத்து குறித்து புகார் தரலாம். ஆனால் பாக்கியை வசூலிப்பது போலீஸ் வேலை அல்ல, அது சிவில் விவகாரம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் மோசடி வழக்காகும்.

அப்போ எங்கே போவது?

* முதலில் வக்கீல் நோட்டீஸ். பாக்கித் தொகை, கெடு தேதி இரண்டும் அதில் தெளிவாக இருக்கட்டும்.

* மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே ஏற்படும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பும் ஒத்துவர வேண்டும்.

* வராவிட்டால் சிவில் வழக்கு. தவணை தவறிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தமோ புரோ நோட்டோ இருந்தால், சீக்கிரம் முடியும் சுருக்க விசாரணை முறையில் வழக்குப் போட வழி உண்டு.

* செக் வாங்கி அது பவுன்ஸ் ஆனால், பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

காத்திருப்பதில் என்ன ஆபத்து?

இடித்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து இழப்பீடு கேட்கும் இடம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அதற்குச் சட்டம் வைத்துள்ள கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். ‘அடுத்த மாசம் தர்றேன்’ என்ற வார்த்தையை நம்பி அந்தக் கெடுவைக் கோட்டைவிட வாய்ப்புண்டு. ‘இனி பாக்கி இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், உங்கள் சொந்த இன்சூரன்ஸில் கிளைம் கேட்பதும் சிக்கலாகும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

இருவர் பெயர், முகவரி, வண்டி எண், விபத்து நடந்த தேதி, மொத்தத் தொகை, தவணைத் தேதிகள். ‘ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே தர வேண்டும்’ என்ற ஒரு வரி. இரண்டு சாட்சிக் கையெழுத்து. முடிந்தால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி போட்ட செக். பெரிய சேதம் என்றால், பேச்சுவார்த்தை நடக்கும்போதே உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.