அவர்களையும் அழைத்துவிட்டுப் போங்கள்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஏதோ ஒரு சபையைப் பத்து நாள் போய்ப் பார்த்து வரும் 'மிஷன் ட்ரிப்' பேச்சு மைசூர் ஆலயங்களிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. காணிக்கை திரட்டுவார்கள், இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், பாட்டும் நாடகமும் ஒத்திகை பார்ப்பார்கள், துணிமணியும் நோட்டுப் புத்தகமும் பெட்டிகளில் ஏறும். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இப்போது திட்டமிடப்படும் விதத்தில் இந்தப் பயணம் தவறு என்றே சொல்கிறோம். நம்மை வரவேற்று, சோறு போட்டு, படுக்க இடம் தரப்போகும் அந்தச் சபையார் ஒருநாள் மைசூருக்கு வருவார்கள் என்ற நினைப்பே இந்தத் திட்டங்களில் இல்லை. நாம் போவோம், பார்ப்போம், கொடுப்போம், ஜெபிப்போம், திரும்புவோம். அவர்கள் அங்கேயே இருப்பார்கள். இதை ஐக்கியம் என்று ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கக்கூடாது.

எதற்குப் போகிறோம் என்று கேட்டால், 'அவர்களைத் திடப்படுத்த' என்று பதில் வருகிறது. யார் யாரைத் திடப்படுத்துவது? 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தென்னாப்பிரிக்காவில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். ஜாம்பியா 1996-ல் தன் அரசியல் சாசனத்திலேயே தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று எழுதிக்கொண்டது. அப்படி எழுதியது சரியா என்பது வேறு வழக்கு. ஆனால் அந்த மண்ணில் கிறிஸ்துவின் பெயர் வேரூன்றாமல் கிடக்கிறது, மைசூரிலிருந்து நாம் போய் ஊன்ற வேண்டும் என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அங்கே வறுமை இருக்கிறது, நோய் இருக்கிறது. இங்கேயும் இருக்கிறது.

மைசூர்க் கிறிஸ்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக உறைக்க வேண்டும். வேறெங்கிருந்தோ வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போன இடம் இது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபைக் குரு லியோனார்தோ சின்னமி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தார். பிறகு ஆபே துபுவா வந்தார். வெஸ்லியன் மிஷனரிகள் வந்தார்கள். அவர்கள் 1906-ல் திறந்த ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையை ஊர் மக்கள் இன்றும் மிஷன் ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு நாம் நன்றி உள்ளவர்கள். அதே காலத்தில் நம் பாட்டன் பாட்டிகளின் படங்கள் கண்ணாடித் தகடுகளில் ஏற்றப்பட்டு, இங்கிலாந்தின் ஆலயக் கூடங்களில் விளக்கு வெளிச்சத்தில் காட்டப்பட்டன. இருளில் கிடக்கும் மக்கள் என்று சொல்லிக் காணிக்கைத் தட்டு சுற்றி வந்தது. படத்தில் நின்றவர்களை யாரும் அனுமதி கேட்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் அங்கே போய் ஒரு கறுப்பினக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துச் செல்ஃபி எடுத்து, சபை வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். அந்தக் குழந்தையின் பெயரையாவது கேட்டுக்கொண்டார்களா?

நமக்கு நேர்ந்ததை முகத்துக்கு நேராகச் சொன்னவரும் நம்மவரே. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேச எழுந்தார். அவருக்கு அப்போது வயது முப்பத்தாறுகூட ஆகவில்லை. மிஷனரிகளின் தியாகத்தையும் அவர்கள் தந்த பொருளையும் அவர் மறுக்கவில்லை. அவர் கேட்டது நட்பை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும், வீட்டுக்கு வரச் சொல்லும், சமமாக மதிக்கும் நட்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே அசரியா தோர்ணக்கல் ஆயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார். அந்தப் பேச்சைப் பெருமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டே நாம் தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏறுகிறோம். எடின்பரோவில் அவர் வைத்த குற்றச்சாட்டை இனி ஒரு ஜாம்பியப் போதகர் நம்மேல் வைக்கலாம். அப்படி வைத்தால் நம்மிடம் பதில் இல்லை.

இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் கரைக்கும் இடையிலான மறைப்பணிப் பயணம் புதிதும் அல்ல. 1541-ல் கோவாவுக்கு வரும் வழியில் சவேரியார் மொசாம்பிக் தீவில் பல மாதம் தங்கி, அங்கிருந்த மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தார். 1560-ல் கோவாவிலிருந்தே ஒரு குழு அந்தப் பக்கம் கிளம்பியது. அதற்குத் தலைவர் கொன்சாலோ த சில்வேரா. கோவாவில் இயேசு சபை மாநிலத் தலைவராக இருந்தவர். இன்றைய ஜிம்பாப்வே, மொசாம்பிக் பகுதியை ஆண்ட முத்தாபா அரசரிடம் போய்ச் சேர்ந்தார். சில வாரங்களுக்குள் அரசருக்கும் அவர் தாய்க்கும் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அரசவையில் யாருக்கு யார் பகை, இந்தப் புதியவரின் வரவால் யாருடைய வணிகம் கெடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் எடுத்துக்கொள்ளவில்லை. 1561 மார்ச்சில் அவரைக் கொன்றார்கள். பத்தாண்டு கழித்து, அந்தச் சாவைக் காரணம் காட்டி, இந்தியாவில் போர்ச்சுகீசிய ஆளுநராக இருந்த பிரான்சிஸ்கோ பரெட்டோ படையோடு ஜாம்பேசி ஆற்றுப் பக்கம் போனார். அந்தப் படைக்குத் தங்கச் சுரங்கங்களின்மேலும் கண் இருந்தது. சில்வேராவின் பக்தியை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அவர் அவசரப்பட்டார், அந்த அவசரத்தைப் பிறகு வந்தவர்கள் தங்கள் பேராசைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கோவாவிலிருந்து மொசாம்பிக்குக்குக் குருக்களையும் குஜராத்துத் துணியையும் ஏற்றிப்போன அதே கடல்வழியில் மனிதர்கள் சங்கிலியோடு இங்கே வந்து இறங்கினார்கள். மொசாம்பிக் 1752 வரை கோவாவின் ஆளுகையில்தான் இருந்தது. மறைமாவட்ட முறையிலும் 1612 வரை கோவா பேராயத்தின் கீழ் இருந்தது. கோவாவின் பெரிய வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். துறவற மடங்களிலும் இருந்தார்கள். அவர்களில் தப்பி ஓடியவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் புகுந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் இன்று வடகன்னட மாவட்டத்தில் ஹளியாள், முண்டகோடு, எல்லாப்பூர், அங்கோலா பக்கம் வாழும் சித்தி மக்களில் பெரும் பகுதியினர். மைசூருக்குக் குருக்களை அனுப்பியதும் அதே கோவா என்பதை நாம் மறக்க வேண்டாம். நம் விசுவாசமும் அவர்களுடைய அடிமைத்தனமும் ஒரே துறைமுகத்தின் வழியாக வந்தவை.

ஆகவே, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஒரு சபையைப் பார்க்க ஆசையுள்ள மைசூர்க் கிறிஸ்தவர் முதலில் ஹூப்ளி ரயிலில் ஏறட்டும். ஓர் இரவுப் பயணம். காலையில் இறங்கி முண்டகோடுக்கோ எல்லாப்பூருக்கோ பஸ் பிடித்தால், ஆப்பிரிக்க முகத்தோடு கொங்கணியும் கன்னடமும் பேசும் கிறிஸ்தவர்கள் கார்வார் மறைமாவட்டத்தில் இருக்கிறார்கள். சித்திகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. ஒரே வீட்டு உறவு மதம் தாண்டிப் போவதும் உண்டு. பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையும், டமாம் என்ற பறையின் தாளத்துக்கு ஆடும் ஆட்டமும் அவர்களுடையவை. 2003-ல்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2020-ல்தான் முதல் சித்தி ஒருவர், சாந்தாராம் சித்தி, கர்நாடக மேலவைக்குள் நுழைந்தார். நிலப்பட்டா, வனத்துறையோடு தீராத தகராறு, பள்ளியில் பிள்ளைகளுக்கு வரும் பட்டப்பெயர்கள் என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. இத்தனை நூற்றாண்டு நம் மாநிலத்திலேயே வாழ்ந்தும் நம் ஆலயங்களில் எத்தனை பேர் ஒரு சித்திக் கிறிஸ்தவரின் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறோம்? இதைத் தாண்டிவிட்டு விமானம் ஏறுவது நமக்கு அவமானம்.

ரயிலில்கூட ஏற வேண்டியதில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க மாணவர்கள் படிக்கிறார்கள். இந்த நாட்டின் நகரங்களில் வாடகை வீடு தேடும் ஆப்பிரிக்க மாணவரிடம் கேளுங்கள். தொலைபேசியில் காலியாக இருந்த வீடு, நேரில் முகத்தைப் பார்த்ததும் போய்விட்ட கதையைச் சொல்வார். 2016 ஜனவரி 31 இரவு பெங்களூருவின் ஹெசரகட்டா பக்கம், வேறொருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தான்சானிய மாணவியைக் கும்பல் காரிலிருந்து இழுத்து அடித்து உடையைக் கிழித்தது. நிறத்தைத் தவிர வேறு குற்றம் அவர் செய்யவில்லை. அன்று நம் பிரசங்க பீடங்கள் எத்தனை அதைப் பேசின? வீட்டுக்காரர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்க மாணவருக்கு வீடு தர மறுத்த ஒருவர், ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் காணிக்கை தருவாரானால், போதகர் அந்தக் கவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவர்களிடம் அங்குள்ள சபையார் கேட்கக்கூடிய கேள்வி இன்னொன்றும் உண்டு: உங்கள் சபைக்குள் சுவர் இல்லையா? அந்நாட்டு டச்சு சீர்திருத்தச் சபையின் 1857 மாமன்றம், சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு என்று சொல்லி, வெள்ளையரல்லாத விசுவாசிகளுக்குத் தனி ஆராதனையை அனுமதித்தது. அது வளர்ந்து தனிச் சபையானது. பிறகு டச்சு சீர்திருத்தச் சபை இனஒதுக்கலுக்கே வேதாகம நியாயம் கற்பித்தது. அதை எதிர்த்து, பிரித்து வைக்கப்பட்ட அந்தத் தனிச் சபையாரே 1982-ல் பெல்ஹாரில் ஒரு விசுவாச அறிக்கை எழுதி, சபையைப் பிரிப்பதே சுவிசேஷத்துக்கு விரோதம் என்றார்கள். இதைக் கேட்டு நாம் தலையாட்டும்போது நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் ஆலயம் நினைவுக்கு வர வேண்டும். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒன்றாக, நடுவே சுவர். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டபோது அதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி ஒரு தரப்பினர் நீதிமன்றம் வரை போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. நம் திருமண விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெல்ஹார் அறிக்கை போல ஒன்றை எழுதும் துணிவு நம் சபைகளுக்கு இன்னும் வரவில்லை. அந்தச் சபையாரிடம் நாம் மாணவர்களாகத்தான் போக முடியும்.

அப்படியானால் யாருமே போகக்கூடாதா என்று கேட்பார்கள். போனவர் ஒருவரைச் சொல்கிறோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்களிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அதன்பின் கரும்புக்கும் தேயிலைக்கும் போன தெலுங்கு பாப்டிஸ்டுகள் தங்களுக்கு ஒரு போதகர் இல்லையே என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். நெல்லூர்ப் பக்கத்துச் சபைகள் காசு சேர்த்து 1903-ல் ஜான் ரங்கையாவை அனுப்பின. அவர் குடும்பத்தோடு போனார், கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்தில் சபை கூட்டினார், அங்கேயே 1915-ல் இறந்தார். அழைத்தவர்களிடம் போனார், போன இடத்திலேயே இருந்தார். ஆனால் அவருடைய ஊழியமும் இந்தியர்களுக்குள்ளேயே நின்றது. பக்கத்திலிருந்த சூலு மக்களின் சபைக்கும் அவர்களுக்கும் இடையில் வேலி இருந்தது. இன்று டர்பனுக்குப் போகும் தமிழ்க் குழு அங்குள்ள இந்தியக் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில், தமிழ்ப் பாட்டு தெரிந்த வீடுகளில் தங்கி, நெகிழ்ந்து திரும்பிவிட முடியும். ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தில் அதே ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த வேலியைத் தாண்டிப் பக்கத்துக் குடியிருப்பின் ஆலயத்தில் போய் உட்காராத பயணம், உறவினர் வீட்டு விருந்தாகத்தான் முடியும்.

ஆகவே குருசேகரக் கமிட்டிகளுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் நாங்கள் வைக்கும் கோரிக்கை இது. ஆறு பேர் போகப் பணம் இருந்தால் மூன்று பேர் போகட்டும். மீதிப் பணத்தில் அந்தச் சபையிலிருந்து மூன்று பேர் வரட்டும். விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை நாம் முதலில் எழுதி அனுப்புவோம், நம் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே. வருகிறவர்களை லாட்ஜில் போடாமல் நம் வீடுகளில் தங்கவைப்போம். ஞாயிறு அன்று பிரசங்க பீடம் அவர்களுடையது. சாமுண்டி மலையையும் அரண்மனையையும் காட்டுவதோடு நிற்காமல், அவர்களைக் கூட்டிக்கொண்டு எல்லாப்பூருக்குப் போவோம். அங்கே சித்திகளும் அவர்களும் பேசிக்கொள்ளும்போது நாம் மொழிபெயர்த்தால் போதும். நம் சபையில் என்ன குறை கண்டார்கள் என்று கேட்டு, அதைச் சபைக் கூட்டத்தில் அப்படியே வாசிப்போம். இதற்கெல்லாம் இந்த ஆண்டு பணம் போதாது என்றால் அடுத்த ஆண்டு போகலாம். அந்தச் சபை எங்கும் ஓடிவிடாது.