ஆண்டுக் கட்டணமும் நம் நாணயமும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கெழுதும் சகோதரர் ஒருவர் நம் மதரஸாவிற்கு வந்தார். கையில் கிரெடிட் கார்டுக்கான கணக்குத் தாள். ஒரு முறைகூடப் பயன்படுத்தாத கார்டு அது. முதலாண்டு கட்டணமில்லை. இரண்டாம் ஆண்டில் 499 ரூபாய் ஆண்டுக் கட்டணமும், அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 588 ரூபாய் 82 காசு ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்திகளை விளம்பரமென்று எண்ணி ஒதுக்கிவிட்டார். தாமதக் கட்டணங்கள் ஏறி, பாக்கி 2,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வசூலுக்கு அழைத்தவரோ, "மாதத் தவணையாக மாற்றிக்கொள்ளுங்கள், வட்டி கொஞ்சம்தான்" என்றாராம்.

சகோதரர் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், இதைத் தள்ளுபடி செய்யும்படி வங்கியிடம் கேட்கலாமா? அது யாசகம் ஆகிவிடாதா?"

நம் பகுதியில் பலருடைய உள்ளத்தில் இருக்கும் கேள்வி இது. வெட்கத்தால் கேட்காமல் இருந்து, பின்னர் அச்சத்தால் வட்டிக்குள் விழுபவர்களை நாம் பார்க்கிறோம். எனவே இதை மார்க்கத்தின் ஒளியிலும் நாட்டின் சட்டத்தின் ஒளியிலும் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

முதலில், கட்டணம் வேறு, வட்டி வேறு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000 செப்டம்பரில் ரியாத் நகரில் கூட்டிய தன் 12ஆம் அமர்வில் இதை ஆராய்ந்தது. கார்டை வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், செய்யும் பணிக்குரிய கூலியாக ஒரு நிலையான தொகை பெறுவதை அது அனுமதித்தது. வட்டி நிபந்தனையுள்ள கார்டையோ, தவணைக்குள் செலுத்தும் எண்ணமிருந்தாலும் கூடாது என்றது. முழுத் தொகையையும் தவணைக்குள் செலுத்துவோருக்குத் தேவை கருதி இடமளிக்கும் உலமாக்களும் உண்டு. ஆனால் பாக்கியை வட்டித் தவணையாக மாற்றிக்கொள்வதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமேயில்லை. கூலியாகத் தொடங்கிய 499 ரூபாய் வட்டியாக உருமாறும் இடம் அதுவே.

அடுத்து, தள்ளுபடி கேட்பது யாசகமா? கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்டார்கள். இருவர் குரலும் உயர்ந்தது. அதைச் செவியுற்ற நபிகளார் (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஅப் அவர்களுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இசைந்தார். பின்னர் கடன்பட்டவரை நோக்கி, எழுந்து மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள். புகாரி நூலில் பதிவாகியுள்ள இந்நிகழ்வில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. தள்ளுபடி கோருவதில் இழிவில்லை. தள்ளுபடி ஆகாத மீதியைத் தாமதிக்காமல் செலுத்துவது கடமை.

ஆகவே அச்சகோதரரிடம், "நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொண்டுவாருங்கள்" என்றோம். கொண்டுவந்தார். இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டணம் உண்டு என அதில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. "வாழ்நாள் முழுவதும் இலவசம்" என முகவர் வாயால் சொன்னதை நம்பி அவர் படிக்காமலே ஒப்பமிட்டிருக்கிறார். ஏலக்காயைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை கேட்காத ஊர் போடி. அவ்வூர்க் கணக்கர் தம் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை! திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பதைப் பற்றியதாக இருப்பது ஏனென்று இங்கு விளங்குகிறது.

நாட்டின் சட்டமும் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளின்படி, கேட்காத கார்டை வழங்குவது கூடாது. வழங்கி 30 நாட்களுக்கு மேலாகியும் செயல்படுத்தப்படாத கார்டுக்கு வாடிக்கையாளரின் சம்மதம் பெற வேண்டும். சம்மதமில்லையேல் கட்டணமின்றி மூட வேண்டும். கட்டணத்தை மாற்றுவதாயின் ஒரு மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும். செலுத்தப்படாத கட்டணத்தை அசலோடு சேர்த்து அதன்மீது வட்டி கணக்கிடக் கூடாது. பாக்கியில்லாத கார்டை மூடக் கோரினால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். வங்கி முறையீட்டை நிராகரித்தாலோ, 30 நாட்களாகியும் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம்.

இவற்றை முன்வைத்து அவர் கடிதம் எழுதினார். வாசகங்கள் அவருடையவை, உண்மையை மட்டும் எழுதுமாறு கூறியதே நம் பங்கு. கட்டணம் விண்ணப்பத்தில் இருந்ததை ஒப்புக்கொண்டார். முகவர் சொன்னதையும் கார்டைப் பயன்படுத்தாததையும் எடுத்துரைத்து, முழுவதையும் தள்ளுபடி செய்யக் கோரினார். கார்டை மூடிவிடுமாறும் கேட்டார். வங்கி தாமதக் கட்டணங்களை நீக்கியது; ஆண்டுக் கட்டணத்தை நீக்கவில்லை. அவர் அன்றே 588 ரூபாய் 82 காசைச் செலுத்தினார். கார்டு மூடப்பட்டது. "கொஞ்சம் மிரட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்" என அவருடைய நண்பர்கள் கேலி செய்தார்களாம்.

இங்கேதான் நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது உள்ளது. "கார்டை மூடிவிடுவேன் என்று சொல்லுங்கள், உடனே தள்ளுபடி கிடைக்கும்" என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் யோசனை. மூடும் எண்ணம் இருந்தால் அது உண்மை, தாராளமாகச் சொல்லலாம். எண்ணமில்லாமல் சொன்னால் அது பொய். எதிரே இருப்பது பெரிய வங்கி என்பதால் பொய்யின் எடை குறைந்துவிடாது. வேலையில்லை, நோய் எனக் கதை புனைவதும் அவ்வாறே. 499 ரூபாய்க்கு நாவை விற்பது நட்ட வியாபாரம்.

அதேபோல், "ஆண்டுக்கு இவ்வளவு செலவழித்தால் கட்டணமில்லை" என்னும் சலுகையும் எச்சரிக்கைக்குரியது. வழக்கமான செலவே அந்த அளவை எட்டுமானால் வேறு. ஐந்நூறு ரூபாயை மிச்சப்படுத்த ஐம்பதாயிரத்திற்குத் தேவையற்ற பொருள் வாங்குவது வீண்விரயம். தவணைக்குள் செலுத்த இயலாதபோது அந்த வீண்விரயமே வட்டியின் வாசலைத் திறக்கிறது.

தேனியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் உள்ள ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாக்களில் ஆங்கிலம் அறிந்த பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஜும்ஆவிற்குப் பின் வாரம் ஒரு மணி நேரம் ஒருவர் அமர்ந்து, வங்கியிலிருந்து வரும் தாள்களையும் குறுஞ்செய்திகளையும் மக்களுக்குப் படித்துச் சொன்னால் போதும். பாக்கி 588 ரூபாயாக இருக்கும்போதே தீர்ந்துவிடும். வட்டி ஹராம் என மிம்பரில் உரைக்கும் நாம், வட்டிக்குள் விழவிருக்கும் சகோதரரின் கையிலுள்ள தாளையும் படித்துத் தர வேண்டாமா?

அல்லாஹ் மிக அறிந்தவன்.