கலைக்குக் கணக்கு எதற்கு?

"கலைஞனிடம் கணக்குக் கேட்பதா?" என்று சீறும் நண்பர்கள் நம் விடுதியிலும் உண்டு. பௌதிகம் பயிலும் எனக்கு அச்சீற்றம் விளங்கவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1965இல் சட்டமியற்றி அமைத்த தேசியக் கலை நிதியம், இலாப நோக்கற்ற நாடக, நடனக் குழுக்களுக்குக் கூட்டாட்சி அரசின் பணத்தை மானியமாகத் தருகிறது. பொதுவாகக் குழுவும் தன் பங்காகச் சமமான தொகை காட்டவேண்டும். அது ரொக்கமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை; ஊதியம் பெறாமல் உடை தைத்துத் தந்தவரின் உழைப்பையும், அவ்வேலைக்குரிய கூலிப்படி மதிப்பிட்டுச் சேர்க்கலாம். அழகான ஏற்பாடு! ஆனால் எத்தனை மணி நேரம் தைத்தார் என்பதற்கு ஏடு வேண்டுமே? ஆய்வுக்கூட அளவைகளை மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் பேராசிரியர் விடுவாரா? நாடகம் முடிந்து அருந்திய மதுவை மானியத்தில் எழுதக்கூடாது என்பது விதி. ரசீதைக் கண்டதும் தணிக்கையாளர் பிடித்துவிடுவார். ஒத்திகைக்கு வந்த நடிகைக்கு உரிய கூலி சேர்ந்ததா என்பதை நேர ஏடின்றி எவர் பிடிப்பது?

2024 அக்டோபருக்குப் பின் தொடங்கிய நிதியாண்டுகளில், ஆண்டுக்கு 10 இலட்சம் டாலராவது கூட்டாட்சிப் பணம் செலவிடும் அமைப்புக்கே முழுத் தணிக்கை கட்டாயம். முன்பு வரம்பு ஏழரை இலட்சம். உயர்த்தியது சரியே. பத்தாயிரம் டாலர் பெற்ற குழு அதைத் தணிக்கைக் கட்டணத்திலேயே கரைப்பதா? ஆயினும் ஆவணங்களை 3 ஆண்டு காத்து, கேட்டபோது காட்டும் கடமை சிறு குழுவுக்கும் உண்டு. நிர்வாகச் செலவுக்கென, விதிப்படி கணக்கிட்ட நேர்ச் செலவில் 15 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. அதில் வாரம் ஒரு நாளேனும் ஒரு கணக்கரை அமர்த்தட்டும்.