படியேற வேண்டியவர் யார்?

1930களின் பிரிட்டனில் தவணைக்குப் பொருள் வாங்கிய ஏழைகளை அலைக்கழித்த கொடுமை ஒன்று உண்டு. கடைசித் தவணைகளில் ஒன்று தவறினால் போதும். முக்கால்வாசிப் பணம் கட்டி முடித்த கட்டிலையும் மேசையையும் கம்பெனி ஆட்கள் வந்து தூக்கிப் போய்விடுவார்கள். ஜாரோ தொகுதி உறுப்பினர் எலன் வில்கின்சன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அணை போட்டது. மூன்றில் ஒரு பங்கு கட்டியவரின் பொருளை எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றது. நீதிமன்றப் படியேறும் சுமை ஏழையின் தலையிலிருந்து கம்பெனியின் தலைக்கு மாறியது. அந்தச் சட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இன்று பிரிட்டன் கார் கடன் இழப்பீட்டைப் பற்றிப் பேசும்போது அந்தச் சுமை எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கார் விற்பவரே கடனுக்கான வட்டியைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வட்டி ஏற ஏற அவருடைய கமிஷனும் ஏறியது. வாங்குபவருக்கு இது தெரியாது. 10,000 பவுண்டு கடனில் நான்கே ஆண்டுகளில் சுமார் 1,100 பவுண்டு கூடுதல் வட்டி போகக்கூடும் என்று நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையமே 2019இல் கணக்கிட்டது. தடை வந்தது 2021 ஜனவரியில். அதற்குமுன் கட்டியவர்களின் கதை நீதிமன்றங்களுக்குப் போனது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழக்காடிய மூவரில் ஒருவருக்கே நியாயம் சொன்னது. அவர் கடனுக்காகச் செலுத்த வேண்டிய மொத்த வட்டி, கட்டணங்களில் 55%க்கு ஈடான தொகை கமிஷனாகப் போயிருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் ஆணையம் முன்வைத்த திட்டம் 2007 முதல் 2024 வரையிலான 1.42 கோடி ஒப்பந்தங்களைத் தொட்டது. ஒன்றுக்குச் சராசரி 700 பவுண்டு. தனித்தனியாக இழப்பை அளக்காமல் பொதுவான சூத்திரத்தால் கணக்கிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வழக்கையும் நீதிமன்றங்கள் விசாரித்தால் ஒரு தலைமுறை போய்விடும்.

எனக்கு உறுத்துவது வேறு. இழப்பீட்டுக்கு வட்டி, பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை விகிதத்துடன் ஒரு சதவீதம் என்றது அந்த முன்மொழிவு. 2009 மார்ச் முதல் 2021 முடியும்வரை அந்த விகிதம் 0.75ஐத் தாண்டவே இல்லை. ஆக, அதன்படி அந்த ஆண்டுகளுக்குக் கிடைக்கவிருந்தது அதிகம் போனால் 1.75%. கார் கடனுக்கு அந்தக் குடும்பங்கள் கட்டிய வட்டி அதைப்போல் பல மடங்கு.

இன்னொன்று இதைவிடப் பெரிது. அந்த முன்மொழிவின்படி, ஏற்கெனவே புகார் கொடுத்தவர்கள் திட்டத்தில் தானாகவே சேர்க்கப்படுவார்கள். கொடுக்காதவர்களுக்கு நிறுவனம் கடிதம் எழுதும்; அவர்கள் 'சேர்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். 2007இல் கடன் வாங்கியவர் அதன்பின் எத்தனை வீடு மாறியிருப்பார்? இதற்குமுன், கடனோடு தவறாக விற்கப்பட்ட காப்பீட்டு விவகாரத்தில் வங்கிகள் சுமார் 3,800 கோடி பவுண்டு திருப்பிக் கொடுத்தன. அங்கும் கேட்டவருக்கே பெரும்பாலும் கிடைத்தது. 2019 ஆகஸ்ட் 29க்குப் பிறகு விழித்தவர்களுக்குப் பொதுவாகக் கதவு மூடப்பட்டது. இடையில் புகுந்த தரகு நிறுவனங்கள் தம் பங்கை வெட்டிக்கொண்டன.

கமிஷனை மறைத்தது கடன் கொடுத்த தரப்பு. கணக்கும் அவர்களிடம்தான். ஆகவே கணக்கில் பெயருள்ள ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து, கேட்காமலேயே பணத்தைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்பவர்கள் எழுதித் தரட்டும்.