விலை சொல்லும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

திருவண்ணாமலையில் தரை வேலைக்கும் ஒரு சீசன் உண்டு. புரட்டாசி முடிந்ததும் போன் அடிக்கத் தொடங்கும். "தீபத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க" என்பதுதான் எல்லோருடைய முதல் நிபந்தனை. தீபத்துக்கு வரும் கூட்டம், அதைத் தொடர்ந்து மார்ச் வரை ரமண நகர், செங்கம் சாலைப் பக்கம் மாத வாடகைக்குத் தங்கும் வெளியூர், வெளிநாட்டு அன்பர்கள் என்று, அறை வைத்திருப்பவர்கள் நாலு காசு பார்ப்பது இந்த மாதங்களில்தான்.

லக்சுரி வினைல் இந்த அவசரத்துக்கென்றே செய்தது போல அமைந்துவிட்டது. பழைய டைலை உடைக்க வேண்டாம், தூசி கிளப்ப வேண்டாம். 4 முதல் 6 மி.மீ. கனமுள்ள எஸ்பிசி கிளிக் பலகை என்றால் கதவின் அடியைக் கொஞ்சம் சீவினால் போதும். நடுத்தர அறை ஒரே நாளில் முடிந்துவிடும். தியானத்துக்கும் யோகாவுக்கும் தரையில் உட்காருகிறவர்களுக்குக் கிரானைட் போலச் சில்லிடாது. பொருளில் குற்றமில்லை. நாம் வேலை எடுக்கும் விதத்தில்தான் கோளாறு. வாட்ஸ்அப்பில் அறையின் நீள அகலம் வருகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பதில் போகிறது. தரையை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

தரையைச் சோதிக்காமல் விலை சொல்லும் வழக்கத்தை நம் தொழில் கைவிட வேண்டும். அந்தச் சோதனைக்குத் தனியாகக் கூலியும் வாங்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு. இந்த ஊரின் பருவங்களை வைத்தே அதற்கான காரணத்தைச் சொல்லிவிடலாம்.

தீபத்துக்கு முந்தைய வாரங்கள் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். 2024ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகர் மண்சரிவில் ஏழு பேரைப் பறிகொடுத்தோம். டிசம்பர் 13 மகாதீபம். அப்படிப்பட்ட ஆண்டிலும் தீபத்தின் தேதி தள்ளிப் போவதில்லை. வாடிக்கையாளர் வைக்கும் கெடுவும் தள்ளிப் போவதில்லை. ஆக, தரைத்தள வீடுகளின் அடிமண் ஆண்டிலேயே மிக அதிகமாக ஊறிக் கிடக்கும் நாட்களில்தான் நாம் அதற்கு மேல் வினைலை விரித்து மூடுகிறோம்.

நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப் என்று கேட்லாக் சொல்கிறதே என்பார்கள். பலகையைப் பொறுத்தவரை அது சரி. எஸ்பிசியின் நடு அடுக்கு சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் சேர்ந்தது. தண்ணீரில் ஊறி உப்பாது. ஆனால் மேலே கொட்டும் தண்ணீருக்குக் கொடுத்த வாக்கு அது. கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு வினைல் வெறும் மூடிதான். பசை போட்டு ஒட்டும் வகையில், ஈரத்தோடு சேர்ந்து வரும் சிமெண்டின் காரம் பசையை இளக்கிக் கொழகொழவென்று ஆக்கும். டைலின் ஓரம் தூக்கும், காலில் ஒட்டும். கிளிக் வகையில் அடியில் பூஞ்சை பிடித்து வாடை வரும். மாடவீதிகளை ஒட்டிய பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். அதுவரை தரை வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம் போக்கிடம் இல்லாமல் சுவருக்குத் திரும்பி, ஸ்கர்ட்டிங்குக்கு மேல் ஓதம் ஏறும். வீட்டுக்காரர் பெயிண்டரைத் திட்டுவார். காரணம் நாமாக இருப்போம்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலும், அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலும் வேலையைத் தொடங்கக் கூடாது. குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று, வெளிச்சுவர் ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று என்று ஒட்டுவது நல்லது. பழைய டைல் தரையானால் இணைப்புக் கோடுகள் ஷீட்டின் நடுவில் வரவேண்டும். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். இந்தச் சோதனை ஈரம் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். புதுக் கான்கிரீட்டுக்கு எண் வேண்டும். தளத்தின் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே சென்சார் வைத்து ஈரப்பதத்தை அளக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்2170 முறை அதற்காகத்தான் இருக்கிறது. பெரிய அளவில் வேலை எடுப்பவர்கள் அந்தக் கருவியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பிவிசி விரிப்பும் டைலும் பதிப்பதற்கான இந்திய நடைமுறை விதியான ஐஎஸ் 5318 வந்தது 1969இல். கிளிக் பலகை அதற்கு வெகு காலம் கழித்து வந்த பொருள்தான். ஆனாலும் அடித்தளத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது.

அடுத்தது மட்டம். நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஒரே சீரான வாட்டம் கிளிக் பலகையை ஒன்றும் செய்யாது. கெடுப்பது மேடு பள்ளம். 10 அடி மட்டப்பலகையை வைத்தால் அடியில் 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தை லெவலிங் கலவையால் நிரப்ப வேண்டும். அடியில் ஃபோம் ஷீட்டை இரண்டு மடங்காகப் போட்டுச் சமாளிப்பது நம்மிடையே பரவியிருக்கும் குறுக்குவழி. பள்ளத்தின் மேல் கால் படும்போதெல்லாம் பலகை இறங்கி ஏறும். முதல் மாதம் டக்கென்று சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பூட்டின் நாக்கு முறியும், இணைப்பில் நகக்கண் அளவுக்குக் கறுப்புக் கோடு தெரியும், அதில் அழுக்கு இறங்கும். பழைய டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டியும் பாருங்கள். பொள்ளல் சத்தம் வரும் டைலை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கலவையால் அடைத்த பிறகே மேலே போக வேண்டும்.

இனி வெயில். மார்ச் கடைசியில் சீசன் வாடகைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். மொட்டைமாடி அறையைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட்டால் சித்திரை, வைகாசி முழுக்க ஜன்னல் திறப்பதில்லை. கார்த்திகைக் குளிரில் போட்ட தரைக்கு அதுதான் சோதனைக் காலம். கெட்டி பிவிசி மீட்டருக்கு, டிகிரிக்கு 0.05 முதல் 0.08 மி.மீ. வரை நீளும். சுண்ணாம்புத் தூள் கலந்த எஸ்பிசி அதைவிடக் குறைவாக நீளும், 0.03 என்றே வைத்துக்கொள்வோம். 24 டிகிரியில் போட்ட 6 மீட்டர் தரை, பூட்டிய அறையில் 44 டிகிரியைத் தொட்டால் 3.6 மி.மீ. நீள வேண்டும். மேற்கு ஜன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் இன்னும் கூடும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். நாம் விட்டுவிட்டு வருவோம். பின்னால் வரும் கொத்தனார் அழகுக்காக அதில் ஒயிட் சிமெண்டை நிரப்பிவிடுவார். இரண்டு எதிர்ச்சுவர்களையும் ஒட்டி ஆளுக்கொரு இரும்பு பீரோ நின்றாலும் அதே கதைதான். நீள இடமில்லாத தரை நடுவில் கூடாரம் அடிக்கும். மாடுலர் கிச்சன் பெட்டிகளை முதலில் பொருத்திவிட்டு, தரையை அவற்றின் முன்பக்கத்தோடு இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். வெயில் நேரடியாக விழும் அறைக்கு, ஒழுங்காகக் காய்ந்த தளமாக இருந்தால், பசை போட்டு ஒட்டும் வகையே பாதுகாப்பு.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்தக் கனத்தைக் காட்டி விற்பவர்களிடம் தேய்மான அடுக்கின் கனத்தைக் கேளுங்கள். அச்சிட்ட மரப்படத்தைக் காப்பது மேலே இருக்கும் அந்த வேர் லேயர்தான். 14 கி.மீ. கிரிவலம் வெறுங்காலோடு சுற்றி வருபவர் செருப்பைக் கொண்டுவருவதில்லை, மணலைக் கொண்டுவருகிறார். கருங்கல் பொடி கலந்த அந்த மணல் உப்புத்தாள் போலத் தேய்க்கும். சொந்த வீட்டு அறைக்கு 0.3 மி.மீ. போதும். நாளுக்கொரு யாத்ரீகர் தங்கும் அறைக்கு 0.5 மி.மீ.க்குக் குறைவாகச் சிபாரிசு செய்ய வேண்டாம். ஐரோப்பியத் தரவரிசையில் 21 முதல் 23 வரை வீட்டுக்கு, 31 முதல் 34 வரை வணிக இடங்களுக்கு. தங்கும் அறையை வணிக இடமாகவே எண்ணுங்கள்.

எங்கே போடக் கூடாது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். பூஜை அறைக்கும் வாசற்படிக்கும் வினைல் வேண்டாம். கெட்டி பிவிசி 80 டிகிரி அருகிலேயே இளகத் தொடங்கும். அகல் விளக்கின் அடிச்சூடும், தட்டிலிருந்து தெறிக்கும் கற்பூரமும் தழும்பு போடும். விளக்கெண்ணெயும் மாக்கோலத்தின் ஈரமும் பூட்டுக்குள் இறங்கும். அங்கே கல்லோ டைலோ இருக்கட்டும், நடுவில் ஒரு பட்டி கொடுத்துப் பிரித்துவிடலாம். சமையலறையில் போட்டால் நிறைந்த சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ, அதை இழுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். ரப்பர் மிதியடியும் வெட் கிரைண்டரின் ரப்பர் காலும் பழுப்புக் கறை விடும். அது மேலே படிந்த அழுக்கல்ல, ரப்பரிலிருந்து பொருளுக்குள் இறங்கிய ரசாயனம் என்பதால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மஞ்சள் கறை அவ்வளவு கவலைக்குரியதல்ல. வெயில் பட்டால் பெரும்பாலும் வெளுக்கும். விரிசல் இல்லாத பழைய ரெட் ஆக்சைடு தரையோ ஆத்தங்குடித் தரையோ இருந்தால், பாலீஷ் போட்டு மீட்கலாம் என்று சொல்லி அந்த வேலையை விட்டுக்கொடுங்கள். அந்த வாடிக்கையாளர் நாளை இன்னொருவரை நம்மிடம் அனுப்புவார்.

பக்கத்துக் கடைக்காரர் இலவசமாகப் பார்க்கும்போது நான் மட்டும் எப்படிக் காசு கேட்பது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அவர் பார்ப்பது அளவை மட்டும். நாம் கொடுக்க வேண்டியது ஒரு பக்கத் தாள்: ஷீட் ஒட்டிய இடங்கள், ஒட்டிய நேரம், எடுத்த நேரம், புகைப்படம், மட்டப்பலகை காட்டிய பள்ளங்கள், பொள்ளல் டைல்கள், வெயில் விழும் ஜன்னல்கள், போடக் கூடாத இடங்கள். கீழே இருவர் கையெழுத்து. வேலை நமக்கு வந்தால் சோதனைக் கூலியை பில்லில் கழித்துக்கொள்ளலாம். வராவிட்டால் அது நம் உழைப்புக்கான கூலி. தயாரிப்பாளரின் உத்தரவாதம் பலகைக்குத்தான். அடித்தள ஈரத்தால் வந்த கேட்டை அது ஏற்காது. அன்றைக்கு நம் பக்கம் பேசுவது இந்தத் தாள் மட்டுமே. ஈரம் காட்டும் தரைக்குக் கெடு போதாது என்றால் தை மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாதவரின் வேலையை எடுக்காதீர்கள்.