மண் புளித்ததற்கும் நமக்குத்தான் அரைப்பேரா?

கொழுந்து குறைந்தால் பழி கொழுந்தெடுப்பவர் மீதே விழுகிறது. கை ஓடவில்லை என்கிறார்கள்; சொன்ன கிலோ வரவில்லை என்று அரைப்பேர் போடுகிறார்கள். அந்த மலையின் மண் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். மீன் குழம்பில் போடும் கொறக்காவிலும் பழப்புளியிலும் இருப்பது அதுதான். மாத்தளை, கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைப்பதும் பார்மிக் அசிட்தான். (அதைக் கலக்கும் தோழர்கள் கவனிக்க: அசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அசிட்டில் அல்ல. கையுறை கேட்டு வாங்குங்கள்.)

தேயிலையும் புளித்த மண்ணில் வளரும் செடியே. மண்ணின் பீஎச் பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்கு நல்லது. எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். ஒன்று இறங்கினால் பத்து மடங்கு. குழம்பில் கொறக்கா அளவு மீறினால் சட்டியே வீண் என்பது நம் அம்மாமாருக்குத் தெரியும். மண்ணும் அப்படித்தான்.

அளவை மீற வைப்பது எது? மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. அதற்கு மேல், நாம் சுமந்துபோய் வீசும் உரம். அமோனியம் சல்பேட்டையும் யூரியாவையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் பிறக்கிறது; சல்பேட் இதில் யூரியாவைவிடக் கடுமை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த மாவட்டம் இது. இங்கே பல மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையே நிற்கிறது. உரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது பட்டது போதும்.

புளிப்பை இறக்க டொலமைட் இருக்கிறது. கவ்வாத்துச் சுற்றுக்கு ஒரு தடவையாவது போட வேண்டும். கப்பலில் வரவேண்டிய சாமானும் அல்ல. நம் திகனப் பக்கத்திலேயே அந்தக் கல் கிடைக்கிறது. ஆனால் டொலமைட் போட்ட அடுத்த மாதமே கொழுந்து கொட்டாது. அதனால், செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகத்தின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் பிடிக்கும் நீலப் பாசிச்சாயத்தாள் சிவந்தால் அமிலம் உண்டு என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. அதற்கு மண்ணை முறையாகப் பரிசோதிக்க வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் இதோ ஹந்தானையில் இருக்கிறது.

தலைவர்மார் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மலையிலும் கடைசியாக மண் பார்த்தது எப்போது? பெறுமானம் என்ன? டொலமைட் போட்டது எந்தக் கவ்வாத்தில்? பதிலைப் பிரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். 4.5க்குக் கீழே போன மலையில் கிலோவைக் குறைக்காமல் அரைப்பேர் போட்டால், அந்தத் தேதியையும் மலையின் இலக்கத்தையும் குறித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.